கடைசி பெஞ்சின் சமூகவியல்

1972 செப்டம்பர் முதல் தேதி இங்கிலாந்தில் பள்ளியை விட்டு விலகுவதற்கான வயது 15-லிருந்து 16-ஆக உயர்ந்தது. பதினைந்து முடிந்ததும் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கக் காத்திருந்த பையன்கள் இன்னும் ஓராண்டு வகுப்பறையில் உட்கார வேண்டியதாயிற்று. அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆசிரியர்கள் பலருக்கும் விளங்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் பால் வில்லிஸ் என்ற இளம் ஆய்வாளர் மிட்லண்ட்ஸ் தொழிற்பகுதியில் ஓர் ஆண்கள் பள்ளிக்குள் நுழைந்தார். பாடம் நடத்துவதற்கு அவர் போகவில்லை. படிப்பில் ஆர்வமில்லாத பன்னிரண்டு தொழிலாளர் வீட்டுப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்தார், அவர்கள் சுற்றிய இடங்களில் சுற்றினார், அவர்களுடைய பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் பேசினார், பள்ளி முடிந்து வேலைக்குப் போன பிறகும் முதல் சில மாதங்கள் பின்தொடர்ந்தார். ஊருக்கு ‘ஹாமர்டவுன்’ என்று புனைபெயர் வைத்தார். 1977-ல் வெளிவந்த ‘லேர்னிங் டு லேபர்’ என்ற அந்த நூல், இளைஞர் சமூகவியல் கற்பிக்கப்படும் பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடநூலாக இருக்கிறது.

அதில் வில்லிஸ் எழுப்பிய கேள்வி எளிமையானது. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு நடுத்தர வர்க்கத்து வேலை எப்படிக் கிடைக்கிறது என்பது புரிகிறது, அவர்களைத் தடுப்பார் இல்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே போய்த் தொழிலாளர் வேலையில் அமர்வது ஏன்? யாரும் துப்பாக்கி முனையில் அவர்களை அனுப்பவில்லையே?

விடைக்காக அவர் அந்தப் பையன்களின் கலாட்டாவைக் கவனித்தார். தங்களை ‘லாட்ஸ்’ என்று சொல்லிக்கொண்ட அவர்கள் வகுப்பில் தூங்கினார்கள், புகைத்தார்கள், ஆசிரியரைக் கிண்டலடித்தார்கள், எதையும் சிரிப்பாக மாற்றினார்கள். சொன்னதைக் கேட்டு நடக்கும் மாணவர்களுக்கு ‘இயர்ஓல்ஸ்’ என்று பட்டப்பெயர். எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் காதுகள், தாமாக எதுவும் செய்யாதவை என்ற கேலி அது. பார்ப்பவருக்கு வெறும் ஒழுங்கீனம். வில்லிஸ் அதில் ஓர் அறிவைக் கண்டார். நன்றாகப் படித்தால் எல்லாரும் மேலே வரலாம் என்று பள்ளி சொல்கிறது. ஒருவன், இருவர் வரலாம். ஒரு வர்க்கம் முழுவதும் அப்படி ஏறிவிட முடியாது என்பது அந்தப் பையன்களுக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. கீழ்ப்படிதலுக்குப் பதிலாகப் பள்ளி தரும் சான்றிதழ் தங்களுக்குப் பெரிதாக எதையும் தரப்போவதில்லை என்ற கணக்கை அவர்கள் போட்டுவிட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எது? உடலுழைப்புத்தான் ஆண்மை, பேனா பிடிப்பது பெண்தனம் என்ற பெருமிதத்தோடு அவர்கள் அப்பாக்கள் நின்ற அதே தொழிற்சாலைத் தளத்துக்குப் போய் நின்றார்கள். மேலாளரை ஏமாற்றுவது, வேலையை இழுத்தடிப்பது, ஒருவரை ஒருவர் வாரிச் சிரிப்பது என்று அங்கே இருந்த பண்பாட்டுக்கும் வகுப்பறையில் அவர்கள் கட்டியெழுப்பிய பண்பாட்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. எதிர்ப்பே அவர்களைப் பழைய இடத்தில் உட்கார வைத்தது. அமைப்பு தன்னை மறுபடி மறுபடி எப்படிப் படைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான களச்சான்று சமூகவியலில் குறைவு என்பது என் எண்ணம்.

நூலின் பின்னிணைப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. வில்லிஸ் தம் கையெழுத்துப் பிரதியை அந்தப் பையன்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்டார். தங்களைப் பற்றிய பகுதிகளை அவர்கள் ஆர்வமாகப் படித்திருந்தார்கள். கோட்பாட்டுப் பகுதி வந்ததும் மூடிவைத்துவிட்டார்கள். அதை மறைக்காமல் அச்சிட்டது வில்லிஸின் நேர்மை.

இந்த நூல் எங்கிருந்தோ திடீரென்று முளைக்கவில்லை. வளரிளம் பருவத்தைப் பல்கலைக்கழகப் பொருளாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால். 1904-ல் இரண்டு பெருந்தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘அடோலசன்ஸ்’, அந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமாகச் சித்திரித்தது. உடலில் நடக்கும் மாற்றமே கொந்தளிப்புக்கு வேர் என்றால் அது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கவேண்டும். அதைச் சோதிக்கத்தான் 1925-ல், 23 வயதில், மார்கரெட் மீட் சமோவாவுக்குக் கப்பல் ஏறினார். 1928-ல் வந்த அவருடைய நூல், அங்குள்ள பெண்பிள்ளைகள் பெரிய கொந்தளிப்பு இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள் என்றது. 1983-ல் டெரெக் ஃப்ரீமன் அதைக் கடுமையாக மறுத்தார். அந்தச் சண்டையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று மானிடவியலாளர்கள் எழுதியவை ஒரு தனி நூலகமாகும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: பருவம் என்பது உடலால் மட்டும் ஆனதல்ல, ஊரும் அதைச் செய்கிறது என்ற வாதம் மீட்டுக்குப் பிறகு துறையை விட்டுப் போகவில்லை.

அமெரிக்கச் சமூகவியலர்கள் வேறு வழியில் வந்தார்கள். ஃப்ரெடரிக் த்ராஷர் 1927-ல் சிகாகோவின் 1,313 கும்பல்களைப் பற்றி எழுதினார். இளைஞருக்கென்று ஒரு தனிப் பண்பாடு உண்டு என்ற கருத்தை டால்காட் பார்சன்ஸ் 1942-ல் முன்வைத்தார். ஜேம்ஸ் கோல்மன் 1950-களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து, பையன்கள் நல்ல மாணவன் என்று பெயரெடுப்பதைவிட விளையாட்டு வீரன் என்று நினைவுகூரப்படுவதையே அதிகம் விரும்புவதைக் காட்டினார். 1961-ல் நூல் வந்தது. ஸ்புட்னிக் விண்ணில் ஏறி, ரஷ்யப் பிள்ளைகள் கணக்கில் நம் பிள்ளைகளை முந்திவிடுவார்களோ என்று அமெரிக்கா நடுங்கிய காலம் அது.

இந்த வரிசையைச் சற்றுத் தள்ளிநின்று பார்த்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு ஆய்வுக்குப் பின்னாலும் பெரியவர்களின் ஒரு பயம் நிற்கிறது. நகரத்துத் தெரு, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள், மதிப்பெண், பாலுறவு, கலகம் என்று பயத்தின் பெயர் மாறுகிறது. காசு வருவதும் பெரும்பாலும் அந்தப் பயத்திலிருந்துதான். பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லித்தான் சமூகவியலாளரை அனுப்புகிறார்கள். நல்ல ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள்: அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

அப்படித் திருப்பிக் கேட்டதில் முதன்மையானது பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம். 1964-ல் ரிச்சர்ட் ஹாகர்ட் அதைத் தொடங்கினார். ‘லேடி சாட்டர்லிஸ் லவர்’ வழக்கில் பெங்குவின் நிறுவனத்துக்காகச் சாட்சி சொன்னவர் அவர். மையத்துக்கான தொடக்க நிதியில் பெரும்பகுதியைப் பெங்குவினின் ஆலன் லேன் கொடுத்தார். ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் ஹாகர்ட்டுக்குப் பின் பொறுப்பேற்று 1979 வரை நடத்தினார். ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, கூட்டாகப் படித்து, கூட்டாக எழுதி, ஸ்டென்சிலில் உருட்டி வெளியிட்டார்கள். 1975-ல் இதழாகவும் அடுத்த ஆண்டில் நூலாகவும் வந்த ‘ரெசிஸ்டன்ஸ் த்ரூ ரிச்சுவல்ஸ்’ அப்படிப் பிறந்ததே. வில்லிஸும் அந்த மையத்துக்காரர்தான்.

மொட்டைத்தலையும் கனத்த பூட்ஸுமாகத் திரிந்த ஸ்கின்ஹெட், கச்சிதமான கோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிய மாட், பழைய பாணி நீள்கோட்டு அணிந்த டெடி பாய் ஆகியோரை இவர்கள் ஒரு மொழியைப் படிப்பதுபோலப் படித்தார்கள். கிழக்கு லண்டனில் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, துறைமுக வேலை அருகி, அக்கம்பக்கம் சிதறிப்போன பிறகு, தொலைந்துபோன தொழிலாளர் சமூகத்தை உடையிலும் நடையிலும் கற்பனையாகத் திரும்பக் கட்ட முயன்றவர்கள் ஸ்கின்ஹெட்கள் என்று ஃபில் கோஹனும் ஜான் கிளார்க்கும் விளக்கினார்கள். உண்மையான சிக்கல் வீடும் வேலையும். பாணி அதைக் கற்பனையில் மட்டுமே தீர்க்கும். மையத்துக்கு வெளியே ஸ்டான்லி கோஹன், 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையில் நடந்த இளைஞர் மோதலை எடுத்துக்கொண்டு, செய்தித்தாள்கள் எழுதிய அளவுக்கும் நடந்ததற்கும் இருந்த தூரத்தை அளந்தார். 1972-ல் வந்த அவருடைய ‘ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ்’, ஒழுக்கப் பீதி என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. பத்திரிகை பெரிதாக்க, போலீஸ் கெடுபிடி கூட, நீதிபதி கடுமையாகத் தீர்ப்பளிக்க, முன்பு தெளிவாக இல்லாத ‘மாட்’ ‘ராக்கர்’ அணிகள் அதன் பிறகே கெட்டியாயின. 1973-ல் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஒரு வழிப்பறிக்காக 16 வயதுப் பையனுக்கு 20 ஆண்டுத் தடுப்புக்காவல் விதிக்கப்பட்டபோது, ஹாலும் நால்வரும் அதைத் தொடங்குபுள்ளியாக வைத்து எழுதிய ‘போலீசிங் த க்ரைசிஸ்’ (1978), பீதியிலிருந்து அரசு எப்படிப் பலம் பெறுகிறது என்பது வரை போனது.

பர்மிங்காமின் குறைகளும் சிறியவை அல்ல. அவற்றைச் சொன்னவர்களில் முதல்வர்கள் அங்கேயே இருந்த பெண்கள். ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் அதே 1976 நூலில் ஒரு கட்டுரை எழுதி, பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். தெருமுனையில் நிற்க அவர்களுக்குக் காசும் இல்லை, அனுமதியும் இல்லை, நின்றால் பெயர் கெடும். அவர்களுடைய பண்பாடு வீட்டுக்குள், அறைக்குள், தோழியோடு பாட்டுக் கேட்டுப் படம் ஒட்டும் சுவரில் இருந்தது. தெருவை மட்டும் பார்த்த ஆய்வாளரின் கண்ணுக்கு அது படவில்லை. கிறிஸ்டின் கிரிஃபின் 1985-ல் பர்மிங்காம் பெண்கள் பள்ளியிலிருந்து வேலைக்குப் போகும் பாதையை எழுதி, வில்லிஸின் கதைக்கு மறுபக்கத்தைச் சேர்த்தார். இன்னொரு குறை, கவர்ச்சியானவர்களையே பார்த்தது. ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் ஸ்கின்ஹெட்டும் இல்லை, மாட்டும் இல்லை. சொன்னதைக் கேட்டு, தேர்வு எழுதி, சைக்கிளில் வீடு திரும்பியவர்கள். வில்லிஸின் நூலில்கூட அந்த ‘இயர்ஓல்ஸ்’ மங்கலான நிழல்கள்தாம். ‘லாட்ஸ்’ ஆசிய, கரீபிய வம்சாவளிப் பையன்களைப் பேசிய விதத்தையும் பெண்களைப் பேசிய விதத்தையும் அவர் பதிவு செய்தார். ஆனால் எதிர்ப்பு என்ற சட்டகம் அந்த வன்மத்தின் கனத்தைக் குறைத்துவிட்டது.

மார்கரெட் தாட்சர் காலத்தில் மிட்லண்ட்ஸ் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது அந்தப் பையன்கள் ‘தேர்ந்தெடுத்த’ வேலையும் போயிற்று. மாணவர் கூட்டம் குறையாதபோதும், 2001-ன் ஆய்வுத் தர மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்ததைக் காரணம் காட்டிப் பர்மிங்காம் பல்கலைக்கழக நிர்வாகம் 2002-ல், அதற்குள் துறையாகிவிட்டிருந்த அந்தப் பண்பாட்டு ஆய்வு மையத்தையும் மூடியது. உலகெங்கும் பாடத்திட்டங்களை மாற்றிய ஓரிடத்துக்கு இப்படி ஒரு முடிவு.

இந்தியாவுக்கு வந்தால் கதையின் நடு முடிச்சே வேறு. இங்கே இளைஞர் பள்ளியை விட்டு ஓடவில்லை, கல்லூரியை விட்டு வெளியேற முடியாமல் நிற்கிறார்கள். கிரேக் ஜெஃப்ரியின் ‘டைம்பாஸ்’ (2010) உத்தரப் பிரதேசத்து மீரட்டில் நடந்த களஆய்வு. கரும்பு விளைவித்துக் கையில் காசு பார்த்த ஜாட் விவசாயிகள் பிள்ளைகளைப் பட்டத்துக்கு அனுப்பினார்கள். அரசு வேலை சுருங்கிவிட்டதால் பிள்ளைகள் ஒரு பட்டத்துக்கு மேல் இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டு, தேநீர்க்கடை முனையில் ‘டைம்பாஸ்’ செய்தார்கள். வெட்டிப்பொழுது என்று நாம் ஒதுக்கிவிடுவதை ஜெஃப்ரி ஓர் அரசியலாகப் படித்தார். பல்கலைக்கழக ஊழலுக்கு எதிராகச் சாதி கடந்து ஊர்வலம் போனவர்களும் அவர்கள்தாம், பிறகு அதே ஊழலில் தரகர்களாக மாறியவர்களும் அவர்களில் உண்டு. வில்லிஸ் எழுதியது வேலைக்கு முந்திக்கொண்டு ஓடியவர்களை. ஜெஃப்ரி எழுதியது வேலை வராமல் வயது ஏறுபவர்களை.

நம் ஊரில் இதற்குக் கள ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில், அறிவித்தபோது ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்த இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. எழுதியவர்களில் பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் ஏராளம். உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, இந்தியச் சராசரி 28.4. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் ஓர் ஆய்வுத் தலைப்பு கிடைத்துவிடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான கூடத்தில் காலையிலேயே இடம் பிடிக்கிறார்களே, அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது? வீட்டில் காசு கேட்பது எந்த வயதில் கூச்சமாகிறது? கல்யாணப் பேச்சு எத்தனை முறை தள்ளிப்போகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒரே மாதிரி தள்ளிப்போகிறதா? இந்தக் காத்திருப்பை மீரட்டுக்கு எழுதியதுபோல் நமக்கு ஒருவர் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட நூல் ஒன்று உண்டு. எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் கான்ஸ்டன்டைன் நகாசிஸ். மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி விடுதிகளில் பழகி அவர் எழுதிய ‘டூயிங் ஸ்டைல்’ 2016-ல் வந்தது. பிராண்டு பெயர் பொறித்த சட்டை, தொலைக்காட்சித் தொகுப்பாளரின் ஆங்கிலம், கதாநாயகனின் தலைமுடி ஆகிய மூன்றையும் மாணவர் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தார். சட்டையில் இருக்கும் பெயர் அசலா போலியா, எழுத்துப் பிழையோடு இருக்கிறதா என்பது பலருக்குப் பொருட்டே இல்லை. பிராண்டு மாதிரி தெரிந்தால் போதும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் கெத்து, கொஞ்சம் கூடிப்போனால் ‘ஓவர்’, சீன் போடுகிறான் என்று பட்டம். நண்பர் குழுவில் தனித்துத் தெரியவும் வேண்டும், யாரையும் விட உயர்ந்துவிடவும் கூடாது. இந்தக் கயிற்றில் நடப்பதைத்தான் அவர் ‘ஸ்டைல்’ என்ற தலைப்பில் விளக்குகிறார். குழந்தை என்று ஒதுக்கவும் முடியாத, ‘பெரிய ஆள்’ என்று மதிக்கவும் படாத வயதில், சாதியும் குடும்பமும் தரும் அந்தஸ்துக்கு வெளியே தற்காலிகமாக ஒரு அந்தஸ்தை உண்டாக்கிக்கொள்ளும் வேலை அது என்பது அவர் வாசிப்பு. பர்மிங்காம்காரர்கள் ஸ்டைலில் எதிர்ப்பைத் தேடினார்கள். நகாசிஸ் அதில் தயக்கத்தையும் சமநிலையையும் கண்டார். எனக்கு இரண்டாவது பார்வை நம் விடுதிகளுக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஆனால் விடுதிக்கு வெளியே, தென்மாவட்டப் பள்ளிகளில், மணிக்கட்டில் வேறொரு ஸ்டைல் இருக்கிறது. மாணவர்கள் சாதிக்கொரு வண்ணமாகக் கயிறு கட்டி வருகிறார்கள், அதை வைத்து விளையாட்டு அணியிலும் உணவு இடைவேளையிலும் ஆள் சேர்க்கிறார்கள் என்று சொல்லி, அதைத் தடுக்குமாறு பள்ளிக்கல்வித் துறையிலிருந்து 2019-ல் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அன்றைய அமைச்சர் சொன்னார். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும் அவர் பரிந்துரைத்தார்.

இந்தக் கயிற்றுக்கு முன்னால் பர்மிங்காம் கோட்பாடு தடுமாறும். சாதாரணப் பொருளை எடுத்து அதற்குப் புதுப் பொருள் ஏற்றுவது இளைஞர் பாணியின் இலக்கணம் என்றார்கள். கோவில் கயிறு சாதிக் கயிறானதும் அந்த இலக்கணத்துக்குள்தான் வரும். ஆனால் இது மேலே இருப்பவனை நோக்கிய எதிர்ப்பில்லை. பெரியவர்களின் உலகம் தன் பகையைப் பிள்ளைகளின் கையில் கட்டிவிட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைத் தமதாக்கி, பெருமிதமாக்கி, சில சமயம் பெரியவர்களைவிடத் தீவிரமாகவும் நடத்துகிறார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழிற்சாலைப் பண்பாடு கைமாறியதை வில்லிஸ் காட்டினார். இங்கே கைமாறுவது ஆதிக்கம். இளைஞரிடம் காணும் எதையும் கலகம் என்று கொண்டாடும் பழக்கமுள்ள ஆய்வாளர் இந்த இடத்தில் தம் கருவியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும். சாதிச் சங்கங்களுக்கும் பள்ளி மைதானத்துக்கும் இடையே ஆள் போய்வருவது எப்படி, நிலமோ நிரந்தர வேலையோ கைவிட்டுப் போன குடும்பங்களில் இந்தப் பெருமிதம் கூடுகிறதா குறைகிறதா, கட்டச் சொல்லியும் கட்ட மறுத்த பையன்கள் யார் என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. தடை உத்தரவு இவற்றில் ஒன்றுக்கும் விடை தராது. தடை தேவையில்லை என்பது என் வாதமில்லை.

சென்னையில் ‘ரூட்டு தல’ இன்னொரு பாடம். புறநகரிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஒரே பேருந்துத் தடத்தில், ஒரே ரயிலில் வரும் மாணவர்கள் ஒரு குழுவாகிறார்கள்; அதன் தலைவன்தான் ‘ரூட்டு தல’. ஜன்னலில் தாளம் போட்டுக் கானா பாடுவதில் தொடங்கி, வேறு கல்லூரித் தடத்தோடு மோதுவதில் போய் முடிவதுண்டு. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடும் பேருந்தில் பட்டாக்கத்தி வெட்டு நடந்தபின் போலீஸ் ‘ரூட்டு தல’களைப் பட்டியலிட்டு எழுதி வாங்கியது. வெட்டுப்பட்டவனின் காயம் பீதியால் உண்டானதல்ல; அதை மறந்துவிட்டு ஒழுக்கப் பீதி என்று ஸ்டான்லி கோஹனை மேற்கோள் காட்டுவது ஆய்வாகாது. ஆனால் கோஹன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இருக்கிறது: பட்டியலில் பெயர் ஏறுவதே அந்தத் தடத்தில் ஒரு பதவியாகிவிடாதா? தினமும் தொலைவிலிருந்து வந்து திரும்பும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி ஏறிய ஒருவனுக்குக் கல்லூரிக்குள் கிடைக்காத எந்த மதிப்பு பேருந்தில் கிடைக்கிறது என்பதைச் செய்தி அறிக்கை கேட்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை. சமூகவியல் துறையின் வேலை.

பயத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள உறவு இலங்கையில் இன்னும் அப்பட்டம். 1971 ஏப்ரலில் ஜனதா விமுக்தி பெரமுனவின் கிளர்ச்சி அரசை உலுக்கிய பிறகே இளைஞர் யார் என்ற கேள்வி கல்வியாளர்களின் மேசைக்கு வந்தது. சந்தேகத்தில் பிடிபட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 1974-ல் கணநாத் ஒபேசேகர எழுதிய கட்டுரை, அவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள வழிப் பள்ளிகளில் படித்த, படிப்புக்கேற்ற வேலையில்லாத இளைஞர்கள் என்று காட்டியது. அதே எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தல் தமிழ் மாணவர்களின் வாசலைக் குறுக்கியது; யாழ்ப்பாணத்து இளைஞர் அரசியலின் திசையை அது எப்படி மாற்றியது என்பது வாசகர் அறிந்ததே. தெற்கில் இரண்டாம் கிளர்ச்சியும் இரத்தத்தில் முடிந்த பிறகு இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990-ல் அறிக்கை தந்தது. பிணங்கள் விழுந்த பின்புதான் காது கொடுக்கிறார்கள் என்பது அந்தத் தீவின் அனுபவம்.

இளைஞர் சமூகவியல் என்ற இந்தப் பாடத்தைப் படிக்கச் சேரும் மாணவர் முதலில் இடறி விழும் இடம், இளைஞர் என்றால் எத்தனை வயது என்பது. ஐ.நா. கணக்கில் 15 முதல் 24. இந்தியாவின் 2003 தேசிய இளைஞர் கொள்கையில் 13 முதல் 35. 2014 கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. ஒரே ஆவணத்தால் சில கோடிப் பேர் இளமையை இழந்தார்கள். பியர் பூர்தியூ 1978-ல் ஒரு நேர்காணலில் சொன்னது இங்கே உதவும்: ஒரே வயதில் இருக்கும் கல்லூரி மாணவனையும் தொழிற்சாலைத் தொழிலாளியையும் ஒரு தொகுதியாக்கிப் பேசுவது, பேசுபவரின் வசதிக்காக மட்டுமே. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வயதில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கும், அதே வயதில் நீட் பயிற்சிக்காக வீட்டார் லட்சங்கள் கட்டும் பெண்ணுக்கும் பொதுவானது பிறந்த ஆண்டு. விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது என்பதில் வேண்டுமானால் அவர்கள் சேரக்கூடும். 2015-ல் தில்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் அந்தக் கதவைத்தான் கேள்வி கேட்டது.

அடுத்து இடறுவது முறை. நம் பல்கலைக்கழகங்களில் இளைஞர் பற்றிய ஆய்வேடு என்றால் பெரும்பாலும் ஒரு வினாப்பட்டியல், சில நூறு விடைகள், சில அட்டவணைகள். கைபேசி அடிமைத்தனம், மன அழுத்தம், விழுமியச் சரிவு என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், வழிகாட்டிக்குப் பத்து மாணவர்கள், களத்துக்குப் போகப் பேருந்துக் காசும் இல்லை என்ற நிலையில் வேறு எப்படி நடக்கும் என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வினாப்பட்டியலில் ‘நீங்கள் சாதி பார்ப்பீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பெட்டியில்தான் டிக் விழும். அதே பையனோடு ஒரு பருவம் முழுவதும் கிரிக்கெட் ஆடியவருக்குத்தான் அணி எப்படிப் பிரிகிறது என்று தெரியும்.

அப்படி உடனிருந்து பார்ப்பதற்கு விலையும் உண்டு. வில்லிஸ் காலத்தில் ஆய்வு அறக்குழுக்கள் இன்றைய அளவுக்குக் கேட்டதில்லை. இன்று பதினைந்து வயதினரோடு பழக அவர்கள் ஒப்புதலும் பெற்றோர் ஒப்புதலும் தேவை. பெற்றோரிடம் கேட்டாலே பையன் பேச மாட்டான். கயிறு கட்டிய குழுவோடு பழகும் ஆய்வாளர் காதில், நாளை ஒருவனைத் தாக்கப் போகிறோம் என்ற பேச்சு விழுந்தால் அவர் என்ன செய்வார்? சொன்னால் களம் போயிற்று, சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகலாம். உயிரைக் காப்பதுதான் விடை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விடையைக் களத்தில் கால் வைக்குமுன்பே வகுப்பில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். முறையியல் தாளில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்கும் துறைகள் பெருக வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களே ஆய்வுப்பொருளும். இருபத்தொரு வயதில் எம்.ஏ. படிக்கும் ஒருவர் ஒரு பேருந்துத் தடத்துக்குள், ஒரு விடுதி அறைக்குள், ஒரு பயிற்சி மையத்துக்குள் வேடம் போடாமல் போய்வர முடியும். ஐம்பது வயதுப் பேராசிரியரால் முடியாது. உள்ளேயே இருப்பதால் பலது கண்ணில் படாமல் போகும் அபாயம் இருக்கிறது. அதற்குத்தான் ஆசிரியரும் கோட்பாடும்.

ஸ்ரீபெரும்புதூரில் 1993-ல் தொடங்கி, 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மாநிலமெங்கும் கல்லூரிகளில் சமூகவியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் துறைகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதுகலை மாணவர்களில் நால்வருக்காவது வினாப்பட்டியலிலிருந்து விலக்குக் கொடுங்கள். ஒருவரைப் பேருந்துத் தடத்துக்கும், ஒருவரை நூலகக் கூடத்துக்கும், ஒருவரை நெல்லைப் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கும், ஒருவரைப் பெண்கள் விடுதிக்கும் அனுப்புங்கள். எழுதுவதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் படித்துவிட்டுச் சண்டைக்கு வரும்படி.